அக்காவின் மாத்திரை

மார்கழி மாதக் காலையில் கல்வராயன் மலைக்கு ஏறுகிற பஸ்ஸில் யாரும் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள். கச்சிராயபாளையம் தாண்டி முதல் வளைவு வந்ததுமே ஷட்டர்கள் எல்லாம் இறங்கிவிடும். ஆண்கள் காதை மூடித் துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். அப்படி ஒரு நாள், என் கழுத்துக்குக் கீழே யாரோ அடுப்பைப் பற்ற வைத்த மாதிரி ஒரு சூடு கிளம்பி முகத்துக்கும் காதுக்கும் ஏறியது. நெஞ்சு படபடத்தது. ரவிக்கையின் முதுகுப் பக்கம் மொத்தமாக நனைந்துவிட்டது. எழுந்து ஷட்டரைத் தூக்கிவிட்டேன்.

“பச்சப் புள்ளைய வச்சிக்கினு இருக்கேன். இன்னா டீச்சர் நீங்க, சாத்துங்க” என்றாள் பின்சீட்டுப் பெண்.

அவள் மடியில் குழந்தை கம்பளிக்குள் சுருண்டு கிடந்தது. சாத்திவிட்டேன். வியர்வை ஆறியதும் உடம்பு நடுங்கியது. வெள்ளிமலை வருவதற்குள் இன்னும் இரண்டு முறை அதேபோல் வந்து போனது. இறங்கும்போது ஏதோ காய்ச்சலிலிருந்து எழுந்தவள் போலக் கால்கள் தள்ளாடின.

எனக்கு அப்போது ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மலைமேல் இருக்கும் அரசுப் பள்ளியில் வேலை, வீடு கள்ளக்குறிச்சியில். என் கணவருக்கு நைனார்பாளையத்தில் கொஞ்சம் நிலம். மக்காச்சோளம், பருத்தி என்று வருஷத்துக்கொன்று மாற்றிப் போடுவார். காலையில் அவர் ஒரு திசை, நான் ஒரு திசை. மகன் வெளியூரில் வேலையாக இருந்தான்.

மாதவிடாய் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நின்றபோது சந்தோஷம்தான். மலைப் பள்ளியில் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏறாத நாட்களில் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இனி அந்தத் தொல்லை இல்லை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு என்ன வரும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வந்தது தூக்கமின்மை, சூடு, படபடப்பு. அதோடு மறதியும் வந்தது. ஒரு நாள் வகுப்பில் படத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், பாகற்காய் என்ற சொல் வரவில்லை. எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொடுத்த சொல். பிள்ளைகள் ஒன்றாகக் கத்திச் சொன்னார்கள். நான் தெரியாத மாதிரி நடித்ததாக நினைத்துச் சிரித்தார்கள். கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வீட்டில் வேறு மாதிரி. தட்டு வைக்கும் சத்தத்துக்குக் கூடக் கோபம் வந்தது. அவர் பக்கத்தில் வந்தால் விலகிப் படுத்தேன். வலிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவரும் கேட்கவில்லை. கூடத்தில் பாய் போட்டுக்கொண்டார். முப்பது வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர்கள், ஏதோ சண்டை போட்டவர்கள் போல ஆகிவிட்டோம்.

இருதயக் கோளாறாக இருக்குமோ என்று பயந்து தெருக்கோடி கிளினிக்கில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. “வயசானா அப்படித்தாம்மா இருக்கும், போகப் போகச் சரியாயிடும்” என்று அனுப்பிவிட்டார்கள்.

பொங்கல் முடிந்து அக்காவைப் பார்க்கத் திருநாவலூர் போனேன். அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். எங்கள் அம்மா போன பிறகு எனக்கு எல்லாம் அவள்தான். இப்போதும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். நான் இலையில் உட்கார்ந்து சாப்பிடும்போதே முகம் வேர்த்து ஊற்றுவதைப் பார்த்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்ததும் உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“இன்னா பாப்பா, நின்னுபோச்சா உனக்கு?”

தலையாட்டினேன். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அழுகை வந்துவிட்டது.

“எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சி. கர்ப்பப்பைய எடுத்தாங்க இல்ல, அப்பறம் ஒடம்பு தீயா எரியும். மாமா மேல சொம்பத் தூக்கி அடிச்சிருக்கேன். டாக்டரு ஒரு மாத்திர குடுத்தாரு, அன்னிக்கிப் புடிச்சி அதத்தான் போட்டுக்கினு இருக்கேன். எனக்கு அது இல்லாம முடியாது.”

அக்காவுக்கு நாற்பது வயதுக்கு முன்பே கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் பெரும்போக்கு, ரத்தம் நிற்காமல் போகிறது என்று போனால் எடுத்துவிடு என்றுதான் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் வயல் வேலைக்குப் போகும் பெண்கள் பலருக்கும் இப்படி நடந்திருக்கிறது. அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பிறகு ஊரை விட்டே போய்விட்டார். மாத்திரை மட்டும் நிற்கவில்லை. உளுந்தூர்பேட்டை மருந்துக்கடையில் பழைய அட்டையைக் காட்டினால் புது அட்டை கொடுத்துவிடுவார்கள். இப்படியே வருஷங்கள் ஓடியிருந்தன.

பீரோவைத் திறந்து சில அட்டைகளை எடுத்து என் கைப்பைக்குள் திணித்தாள்.

“எனக்கு ஒத்துக்குமாக்கா?”

“ஒரே வயித்துல பொறந்தவங்கதான நாம? எனக்கு ஒத்துக்கினது உனக்கு ஒத்துக்காதா? ஒண்ணும் ஆவாது, போடு.”

போட்டேன். சில வாரங்களில் சூடு தணிந்தது. மாசி மாதம் முடிவதற்குள் இரவில் தூங்க ஆரம்பித்துவிட்டேன். எனக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை: என் உடம்பை யாரோ இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள், திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்தேன். வகுப்பில் சொற்கள் கூப்பிட்டதும் வந்தன. கூடத்துப் பாயைச் சுருட்டி உள்ளே வைத்தேன். அவர் மறுநாள் நைனார்பாளையத்திலிருந்து வரும்போது மல்லிகைப்பூ வாங்கிவந்தார். மாதம் ஒருமுறை அக்கா பஸ் கண்டக்டரிடமோ தெரிந்தவர்களிடமோ அட்டைகளைக் கொடுத்தனுப்புவாள்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்து, மலையில் பலாப்பழ வாசனை எங்கு பார்த்தாலும் அடித்துக்கொண்டிருந்த சமயம். பாவாடையில் ஒரு கறை பார்த்தேன். சின்னக் கறைதான். பழையபடி வருகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் இரண்டு வாரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் துணியை அலசிக் காயப்போட்டேன். படித்தவள், ஊர்ப் பெண்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போ என்று புத்தி சொல்கிறவள், எதற்காக மறைத்தேன் என்றால் அதற்கு ஒரே காரணம் எங்கள் அம்மா. அம்மாவுக்கும் எல்லாம் நின்று சில வருஷம் கழித்துத்தான் ரத்தம் பட்டது. வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கையை விரித்துவிட்டார்கள். எனக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. அம்மா படுத்திருந்த அறையின் வாடை எனக்கு இன்னமும் நினைவிருக்கிறது. அது எனக்கும் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள நான் தயாராக இல்லை. தெரியாமல் இருக்கும்வரை வரவில்லை என்று ஒரு கணக்கு.

ஆடி மாதத்தில் ஒரு நாள் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே பெரும்போக்காகப் போனது. நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. பிள்ளைகளை எழுத்து வேலை செய்யச் சொல்லிவிட்டு, புடவை முந்தானையை மடியில் போட்டுக்கொண்டு மணி அடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் போன பிறகு நாற்காலியைத் துடைத்தேன். மாற்றுத்துணி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. வெள்ளிமலை பஸ் நிறுத்தத்தில் நின்று அக்காவுக்குப் போன் செய்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தாள். “வயசு திரும்புதுடி உனக்கு.”

“இல்லக்கா. ரொம்பப் போவுது. ரெண்டு மாசமா இப்பிடி.”

அவள் சிரிப்பு சட்டென்று நின்றது. அவளும் அம்மாவைத்தான் நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

“பாப்பா, நீ வூட்டுக்குப் போ. நாளைக்குக் காலைல மொத பஸ்சுக்கு நான் வந்துடறேன். நீ தனியா எங்கயும் போவாத.”

சொன்னபடியே வந்தாள். அந்த ஆனி மாதத்தில் வயல் வரப்பில் வழுக்கி விழுந்து அவளுக்கு இடது கால் சுளுக்கியிருந்தது. கட்டுப் போட்டு நெடுநாள் உட்கார்ந்தே கிடந்தாள். கட்டு பிரித்தும் விந்தி விந்தித்தான் நடந்தாள். அந்தக் காலோடு பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். கையில் மஞ்சப்பை.

மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் போனோம். வயதில் என்னைவிட இளையவர். நிதானமாகப் பேசினார். எப்போது நின்றது, எப்போது திரும்ப வந்தது, எவ்வளவு போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, “ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?” என்றார்.

“இல்லீங்க” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. அக்காவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாய் முந்திக்கொண்டது.

அக்கா மஞ்சப்பைக்குள் கையை விட்டு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“இதச் சாப்புடுது டாக்டரம்மா. நான்தான் குடுத்தேன். பொங்கலுக்கு அப்பறம் இருந்து போடுது.”

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். “இது யாருக்கு எழுதிக் கொடுத்தது?”

“எனக்குத்தாங்க.”

“உங்களுக்குக் கர்ப்பப்பை இருக்கா?”

“எப்பவோ எடுத்துட்டாங்க.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. “இது ஈஸ்ட்ரோஜன் மாத்திரை டீச்சர். நல்ல மருந்துதான். உங்க கஷ்டத்துக்கும் இதுதான் மருந்து. ஆனா உங்க அக்காவுக்குக் கர்ப்பப்பை இல்ல, உங்களுக்கு இருக்கு. ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையோட உள்சுவரை வளர்த்துக்கிட்டே போகும். அதை வளர விடாம வைக்கிறதுக்கு ப்ரோஜெஸ்ட்ரோன்னு இன்னொரு மருந்து சேர்த்துத் தரணும். தனியா இதை மட்டும் போட்டா, சுவர் தடிச்சு இப்படி ரத்தம் போகும். விட்டுட்டா சில பேருக்கு அது புற்றுநோயாவும் மாறலாம்.”

“எனக்கு மாறியிருக்குமா?”

“இப்ப சொல்ல முடியாது. ஸ்கேன் எடுப்போம். உள்ளேயிருந்து கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம். மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாட்டாலும், நின்ன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் வந்திருக்கணும். ரெண்டு மாசம் காத்திருக்கக் கூடாது.”

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். என்ன கட்டி, எங்கே கட்டி என்று கேட்டார். எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

எழுந்து வெளியே வரும்போது அக்கா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். டாக்டரின் பார்வை அவள் காலுக்குப் போனது.

“கால் என்னாச்சு?”

“சுளுக்குங்க. கட்டுப் பிரிச்சாச்சி. வீக்கம் மட்டும் வத்தல.”

“உட்காருங்க. புடவையைக் கொஞ்சம் தூக்குங்க.”

இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. இடது கெண்டைக்கால் வலதைவிடக் கனமாக, தோல் இழுத்துப் பிடித்து, சிவந்து இருந்தது. டாக்டர் விரலால் அழுத்தியதும் அக்கா பல்லைக் கடித்தாள். ரத்த அழுத்தம் பார்த்தார். அதுவும் ஜாஸ்தி.

“கடைசியா எப்ப பிரஷர் பாத்தீங்க?”

“நான் எதுக்குப் பாக்கறேன்? எனக்கு இன்னா கொற? இதுக்குத்தான் வந்தேன்.” என்னைக் காட்டினாள்.

எனக்கு ஸ்கேன் எடுப்பதற்கு முன் அக்காவுக்குத்தான் எடுத்தார்கள். காலின் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. அது பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, அவளை நடக்கவிடாமல் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். என் துணைக்கு வந்தவள் எனக்கு முன்பே நோயாளியாகிப் படுத்துவிட்டாள். அந்த மஞ்சப்பையில் எனக்காக அவள் கட்டிக்கொண்டு வந்த புளிசாதம் பிரிக்காமலே கெட்டுப்போனது.

மாத்திரையால்தான் உறைந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது என்றார். வாய்வழி சாப்பிடுகிற ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும்; வயது ஏற ஏற அது இன்னும் கூடும். அதோடு உடல் எடை, அசையாமல் கிடந்த கால் எல்லாம் சேர்ந்துகொண்டன. இளம்வயதில் சினைப்பை எடுத்தவளுக்கு அந்த மருந்தை ஆரம்பித்தது சரிதான்; ஆனால் வருஷத்துக்கு ஒரு முறையாவது யாராவது அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இன்னும் வேண்டுமா, அளவைக் குறைக்கலாமா, ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை. அவளும் போகவில்லை.

எனக்கும் அதே பெரிய ஆஸ்பத்திரியில்தான் சதை எடுத்தார்கள்; அன்று மயக்கம் தெளிந்து அக்கா படுத்திருந்த வார்டுக்குப் போனேன். கையில் ஊசிக் குழாயோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக ஏதாவது பேசிக்கொண்டே இருப்பவள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்கு எதுனா ஒண்ணு ஆச்சின்னா நான் உயிரோட இருக்க மாட்டேன் பாப்பா. வெஷத்த என் கையாலயே குடுத்தேனே.”

“நீ குடுத்ததால நான் ஆறு மாசம் நல்லாத் தூங்குனேன்க்கா.”

“தூங்குனியா?”

“நல்லாத் தூங்குனேன்.”

என் கையை விட்டுவிட்டு மறுபடி கூரையைப் பார்த்தாள். பிறகு, “அம்மா எங்கிட்டதான் மொதல்ல சொன்னாங்க. யார்கிட்டயும் சொல்லாத, அப்பா காதுல வுழுந்தா அசிங்கம்னாங்க. நானும் சொல்லல. சின்னப் பொண்ணு, எனக்கு இன்னா தெரியும்?” என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் அதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவள் வீங்கிய காலின் மேல் போர்வையைச் சரிசெய்தேன். பக்கத்துப் படுக்கைக்காரியின் உறவினர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் இரண்டு டம்ளர் நீட்டினார்கள். வாங்கிக் குடித்தோம்.

பரிசோதனை முடிவு வரும்வரை என் கணவர் நைனார்பாளையம் போகவில்லை. களை எடுக்க ஆள் நிற்கிறது என்று போன் வந்தபோதும் போகவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை. ரிப்போர்ட் வாங்கப் போன அன்று, டாக்டர் அறைக்கு வெளியே என்னை உட்காரவைத்துவிட்டு முதலில் அவரே உள்ளே போனார். திரும்பி வந்தபோது உதடு துடித்தது. செய்தி கெட்டது என்றே நினைத்துவிட்டேன்.

“கேன்சர் இல்லியாம்” என்றார். “சுவருதான் தடிச்சிருக்காம். மாத்திரையில சரியாயிடுமாம்.” சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஒனக்கு ஒடம்பு சரியில்லன்னா எங்கிட்ட சொல்லக் கூடாதா?” என்று கேட்டார். சத்தம் போட்டுத்தான் கேட்டார். அங்கே இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் போட்டுக்கொண்டிருந்த அக்காவின் மாத்திரையை நிறுத்தி, எனக்கு ப்ரோஜெஸ்ட்ரோன் மட்டும் கொடுத்தார்கள். ரத்தம் நின்றது. ஆனால் பழைய சூடும் தூக்கமின்மையும் திரும்பி வந்தன. சில மாதம் கழித்து மறுபடியும் சதை எடுத்துப் பார்த்தார்கள். உள்சுவர் பழைய நிலைக்கு வந்திருந்தது. அன்றைக்கு டாக்டர், “இப்ப உங்க கஷ்டத்துக்கு வருவோமா?” என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். அந்த மருந்தின் பெயரைக் கேட்டாலே பயமாக இருந்தது.

“மருந்து தப்பு இல்ல டீச்சர். யாருக்கு, எப்படி, எவ்வளவுங்கிறதுதான். யோசிச்சிட்டுச் சொல்லுங்க. அவசரம் இல்ல.”

யோசித்தேன். மலை பஸ்ஸில் மறுபடியும் ஷட்டரைத் தூக்கிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரு நாள், போய்ச் சரி என்றேன். இந்த முறை எல்லாம் முறைப்படி நடந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈரல் எல்லாம் பார்த்தார்கள். மார்பகத்துக்கு மேமோகிராம் எடுத்தார்கள். குடும்பத்தில் பக்கவாதம், மார்பகப் புற்று உண்டா என்று கேட்டார்கள். அக்காவுக்கு ரத்தம் உறைந்ததால் எனக்கு மாத்திரை வேண்டாம் என்று, தோலில் தடவுகிற ஈஸ்ட்ரோஜன் ஜெல் கொடுத்தார்கள். தோல் வழியாகப் போனால் உறையும் பயம் மிகவும் கம்மி. கூடவே ப்ரோஜெஸ்ட்ரோன் மாத்திரை. அதை ஒரு நாளும் விடக்கூடாது. எவ்வளவு குறைவான அளவில் ஆரம்பிக்க முடியுமோ அதில் ஆரம்பித்தோம். தடவிய இடம் காயும்வரை புடவை படக்கூடாது, சின்னக் குழந்தைகளின் மேல் படக்கூடாது, கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மறுபடி ரத்தம் பட்டாலோ, கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அன்றைக்கே ஓடி வர வேண்டும். டாக்டர் சொல்லச் சொல்ல, பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்லிக் காட்டினேன்.

எனக்குத் தூக்கம் வந்தது. அக்காவுக்குப் போனது.

அவளுக்கு ஈஸ்ட்ரோஜனை அடியோடு நிறுத்திவிட்டார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வேறு மருந்து, பிரஷருக்கு ஒரு மருந்து. இத்தனை வருஷம் மாத்திரை அடக்கி வைத்திருந்த சூடு இந்த வயதில் அவள்மேல் மொத்தமாக இறங்கியது. அவள் மருமகள் போன் செய்து, “அத்த ராத்திரியெல்லாம் கெணத்தாண்ட உக்காந்துக்கினு இருக்காங்க சித்தி” என்று சொன்னாள். போய்ப் பார்த்தபோது பாதி உடம்பாகியிருந்தாள். பனை விசிறியை ஒரு கணமும் கீழே வைக்கவில்லை.

நான் அங்கே தங்கியிருந்தபோது ஒரு நாள் காலை. குளித்துவிட்டு வந்து அறைக்குள் கையில் ஜெல் தடவிக்கொண்டிருந்தேன். அக்கா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதான் அந்த மருந்தா?”

“ஆமாக்கா.”

“மாத்திர இல்ல இல்ல இது? மேலுக்குத்தான தடவுற?”

“ஆமா.”

“எனக்கும் துளி தடவி வுடு பாப்பா. ஒரு நாளைக்கி. ஒரு ராத்திரி தூங்கிட்டா போதும்.”

குழாய் என் கையில் இருந்தது. கட்டைவிரல் அளவு தடவினால் போதும். பொங்கலுக்கு அவள் எனக்குக் கொடுத்தபோது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்த அறையில்தான் கொடுத்தாள்.

“முடியாதுக்கா” என்றேன். “உனக்கு ஒரு தரம் உறைஞ்சிடுச்சி. டாக்டரக் கேக்காம நான் தர மாட்டேன்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. கோபம் என்றால் தாங்கியிருப்பேன். பசிக்கிறது என்று கேட்ட இடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டது போல ஒரு பார்வை. வெளியே போனாள். நான் ஊருக்குக் கிளம்பும்வரை என்னோடு பேசவில்லை. வழக்கமாக பஸ் நிறுத்தம்வரை வருகிறவள், அன்றைக்குக் கொல்லைப்புறத்திலேயே இருந்துவிட்டாள். கூப்பிட்டுப் பார்த்தேன். “போய்ட்டு வா” என்று மட்டும் குரல் வந்தது. உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறும்போது, திரும்பிப் போய்விடலாமா என்று நெடுநேரம் நின்றேன்.

போகவில்லை. மறுநாளே டாக்டரிடம் போய்க் கேட்டேன். இப்போதைக்குத் தோலில் தடவுவதும் அவளுக்கு வேண்டாம் என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் ஹார்மோன் இல்லாத வேறு மாத்திரை இருக்கிறது, சூட்டை ஓரளவு குறைக்கும், அவள் சாப்பிடுகிற மற்ற மருந்துகளோடு ஒத்துவருமா என்று பார்த்துத்தான் தரவேண்டும், நேரில் கூட்டி வாருங்கள் என்றார். நான் போன் செய்தபோது அக்கா எடுக்கவில்லை. என் கணவர்தான் போய்ப் பேசி, வாடகைக் காரில் கூட்டிவந்தார். வழியெல்லாம் அவரோடு பேசிக்கொண்டு வந்தவள், என் வீட்டுக்குள் நுழைந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டர் அவளுக்குப் பொறுமையாகச் சொன்னார். “உங்க தங்கச்சி அன்னிக்குக் கொடுத்திருந்தா நான் அவங்களத்தான் திட்டியிருப்பேன்” என்றார். அக்கா புது மாத்திரையை வாங்கிக்கொண்டாள். அதன் பெயரையும், எதற்கென்பதையும் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டாள். முன்பெல்லாம் அவள் அப்படிக் கேட்பவள் இல்லை.

அந்த மருந்தால் முழுக்கக் குணமாகிவிடவில்லை. பாதி குறைந்தது என்று சொல்லலாம். இரவில் ஒரே மூச்சில் தூங்காவிட்டாலும், விட்டு விட்டுத் தூங்குகிறாள். கால் சாயங்காலமானால் கனக்கிறது. அழுத்தமான காலுறை போட்டுக்கொண்டு வயல்வரை நடக்கிறாள். என்னோடு மறுபடி பேச ஆரம்பித்தது எப்போது என்று குறிப்பாகச் சொல்ல முடியாது. ஒரு நாள் போனில், கத்தரிச் செடியில் பூச்சி விழுந்துவிட்டது என்று சாதாரணமாக ஆரம்பித்தாள். நானும் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டேன்.

வருஷத்துக்கு ஒரு முறை என் பரிசோதனைக்கும் அவளுடையதற்கும் ஒரே நாளில் போகிறோம். இந்த வருஷம் என் அளவை இன்னும் குறைத்துப் பார்க்கலாமா என்று டாக்டர் கேட்டார்; சரி என்றிருக்கிறேன். வெளியே வந்து மரத்தடியில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அக்காவுக்கு முகம் சிவந்து வேர்த்தது. கடைக்காரரின் முன்னால் கூச்சப்படாமல் முந்தானையால் வீசிக்கொண்டாள். நான் இளநீரைக் கீழே வைத்துவிட்டுக் கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்து அவளுக்கு விசிறினேன். சூடு தணியும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு, “போதும் பாப்பா, பஸ்சு வந்துடும்” என்றாள்.